மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்

எங்கள் பேரூராட்சி மன்றத்தைக் குறை சொல்லும் எவரும் ஒரு மன்றக் கூட்டத்தையாவது உட்கார்ந்து பார்த்தவர் அல்லர். டீக்கடை பெஞ்சில் சாய்ந்துகொண்டு, "நாய் கடிச்சாக்கூடக் கேக்க நாதியில்லாத ஊரு" என்கிறார்கள். நாதிக்கு என்ன குறைச்சல்? 15 வார்டுக்கு 15 உறுப்பினர்கள், ஒரு செயல் அலுவலர், ஒரு துப்புரவு மேற்பார்வையாளர், அத்தனை பேர் சொல்வதையும் எழுதிக்கொள்ள ஒரு தீர்மானப் புத்தகம். எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாய்க்கடியைப் பற்றி இவர்கள் அளவுக்குக் கேட்டவர்கள் மாவட்டத்திலேயே இருக்க மாட்டார்கள்.

நான் அந்தக் கூட்டங்களுக்குப் போகிறவன். ஓய்வுபெற்றவனுக்கு நாற்காலியும் காற்றும் காசில்லாமல் கிடைக்கக்கூடிய இடங்கள் எங்கள் ஊரில் இரண்டு. ஒன்று நூலகம். சொத்து வரியோடு நூற்றுக்குப் 10 ரூபாய் நூலக வரி என்று சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய களைப்போ என்னவோ, நூலகத்து மின்விசிறி மட்டும் ஓடுவதில்லை. ஆகவே மன்றக் கூடத்தின் கடைசி வரிசை. அங்கே உட்கார்ந்த பிறகுதான், ஒரு சிறிய ஊர் தன் மனிதர்களையும் மாடுகளையும் நாய்களையும் ஒரே சமயத்தில் ஆள்வது எவ்வளவு நுட்பமான வேலை என்பது விளங்கியது. கைதேர்ந்தவர்களைத் தவிர வேறு யாராவது அந்த நாற்காலிகளில் இருந்திருந்தால், எதையாவது செய்து தொலைத்திருப்பார்கள்.

இதற்கு அரசியல் சட்ட அடிப்படையே இருக்கிறது. 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த 74-வது திருத்தம், 12-வது அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்து நகர உள்ளாட்சிகளுக்கு 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. 14-வது, இடுகாடு சுடுகாடு. 15-வது, கால்நடைப் பவுண்டும் விலங்குவதைத் தடுப்பும். 17-வது, தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், கழிப்பிடம் முதலான பொது வசதிகள். டெல்லியில் இருந்தவர்கள் ஏதோ ஒரு வரிசையில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அவற்றுக்குள் இருந்த தொடர்பைக் கண்டுபிடித்தது எங்கள் மன்றம். 17-வது எரியாவிட்டால் இருட்டில் 15-வது மிதிபடும், மிதிபட்டால் கடிக்கும், கடித்ததைச் சரியாகக் கவனிக்காவிட்டால் 14-வது காத்திருக்கிறது. அந்த 14-வதில் மட்டும் யாரும் எங்கள் ஊரைக் குறை சொல்ல முடியாது. எரிவாயு தகன மேடை, வாசலில் சிவன் சிலை, சுற்றிலும் பூச்செடி, உட்காரச் சிமெண்டு பெஞ்சு. ஊரிலேயே தெருவிளக்கு ஒழுங்காக எரிகிற சாலை அதற்குப் போகிற சாலைதான்.

15-வதைப் பற்றிச் சொன்னேனே, பவுண்டும் விலங்குவதைத் தடுப்பும் என்று. எந்த விலங்கையும் எதுவும் செய்யாமல் இருப்பதைவிடச் சிறந்த வதைத் தடுப்பு உண்டா?

பவுண்டு எங்களிடம் இருக்கிறது. 1871-ம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி அந்தக் காலத்தில் கட்டியது. சந்தைப்பேட்டைக்குப் பின்னால் இன்னும் சுவர் நிற்கிறது. பயிரை மேய்ந்த மாட்டை அங்கே அடைப்பார்கள். அபராதமும் தீனிச் செலவும் கட்டித்தான் மீட்க வேண்டும். மீட்க ஆள் வராவிட்டால் மாடு ஏலத்துக்குப் போகும். இப்போது அங்கே அடைபட்டுக் கிடப்பவை, வீடுவீடாகக் குப்பை எடுப்பதற்காக வாங்கிய பேட்டரி வண்டிகள். மீட்க வேண்டிய உரிமையாளர் பேரூராட்சி, அபராதம் வாங்க வேண்டியதும் பேரூராட்சி என்பதால், யார் யாரிடம் கட்டுவது என்ற சட்டச் சிக்கலில் நிற்கின்றனபோலும்.

சென்னை மாநகராட்சி தெருவில் திரியும் மாட்டுக்கான அபராதத்தை 2,000, 5,000, 10,000 என்று சில ஆண்டுகளுக்குள் ஏற்றியது. பெரிய ஊர்க்காரர்களின் முரட்டுத்தனம் அது. எங்கள் மன்றத்தில் அந்தப் பொருள் வந்தபோது ஓர் உறுப்பினர் எழுந்து, "அபராதம் போடறதுக்கு முன்னால, யாருக்குப் போடறோம்னு கொஞ்சம் யோசிங்கண்ணே" என்றார். யோசித்தார்கள். மாட்டுக்கு உரிமையாளர் உண்டு, உரிமையாளருக்குக் குடும்பம் உண்டு, குடும்பத்தில் நாலைந்து ஓட்டு உண்டு. அபராதத்துக்குப் பதிலாக அறிவுரை வழங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வழங்கினார்கள். கடைத்தெரு நடுவில் படுத்திருந்த மாடுகள் கடைசிவரை இருந்து கேட்டன. ஆட்டோதான் சுற்றிக்கொண்டு போனது.

குரங்கென்றால் வனத்துறை. பாம்பென்றால் தீயணைப்புத் துறை. பன்றியென்றால், வளர்ப்பவர் வீடு பக்கத்து ஊராட்சி எல்லையில் இருக்கிறது. ஒரு பிராணி எந்த அலுவலகத்துக்கு உரியது என்பதை இவர்கள் அளவுக்கு விரைவாகச் சொல்லக்கூடிய விலங்கியல் பேராசிரியர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது.

நாய் மட்டும்தான் எந்தத் துறையின் தலையிலும் கட்ட முடியாமல் மிஞ்சிய பிராணி. மன்றத்தின் முழுத் திறமையும் வெளிப்பட்டது அதில்தான்.

சட்டம் சிக்கலானதல்ல. 2001-ல் வந்து 2023 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்ட விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் சொல்வது இது: தெருநாயைக் கொல்லக் கூடாது, கையாலோ வலையாலோ பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் ஒரு வெட்டு வெட்டி, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். பிடித்த இடத்திலேயே என்பது முக்கியம். நாலாவது வார்டு நாயை ஒன்பதாவது வார்டில் இறக்கினால் நாய்க்கும் நாய்க்கும் சண்டை, உறுப்பினருக்கும் உறுப்பினருக்கும் சண்டை. சென்னையில் 1996-லேயே கொல்வதை நிறுத்திவிட்டு இந்த வழிக்கு மாறிவிட்டார்கள்.

இதில் தேவைப்படுவது வேகம் ஒன்றுதான். ஊர் நாய்களில் நூற்றுக்கு 70-க்காவது குறுகிய காலத்துக்குள் செய்து முடித்தால் எண்ணிக்கை இறங்கும். பத்தும் இருபதுமாக ஆண்டுக்கணக்கில் இழுத்தால், விட்டுப்போனவை குட்டி போட்டுக் கணக்கை நேர் செய்துவிடும். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். மன்றம் கூடுவது மாதம் ஒருமுறை. இரண்டு முறை ஒத்திவைத்தால் ஓர் ஈற்று. 2023 கோடையில் முதன்முறையாக அஜெண்டாவில் ஏறிய இந்தப் பொருள் எத்தனை முறை ஒத்திவைக்கப்பட்டது என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். என் கணக்குப்படி, இன்று கடைத்தெருவில் ஓடும் இளம் நாய்களில் பெரும்பாலானவை மன்றத் தீர்மானங்களால் பிறந்தவை. ஒரு கையெழுத்தும் போடாமல் இவ்வளவு உயிர்களைத் தோற்றுவித்த உள்ளாட்சிக்குப் பிரம்மதேவனே வந்து பொன்னாடை போர்த்தலாம்.

ஒத்திவைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முதலில், எத்தனை நாய் என்ற கணக்கு வேண்டியிருந்தது. ஒரு நாய்க்கு 1,650 ரூபாய் என்ற வீதத்தில் பல உள்ளாட்சிகள் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்தன. எண்ணிக்கை தெரிந்தால்தானே எஸ்டிமேட் போட முடியும்? உறுப்பினர்களே தத்தம் வார்டில் எண்ணித் தருவதாக ஏற்றுக்கொண்டார்கள். இந்தக் கணக்கு நிதி ஒதுக்கவா, பழி ஒதுக்கவா என்பது யாருக்கும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. நிதிக்கு என்று நினைத்தவர்கள் முந்நூறு நானூறு என்று எழுதிக் கொடுத்தார்கள். பழிக்கு என்று நினைத்தவர்கள் 'என் வார்டில் நாய் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது வார்டு உறுப்பினர் கொடுத்த தாளில் பூஜ்ஜியம் இருந்தது. அவர் அதைக் கொடுக்க வந்தபோது அவர் வார்டு நாய் ஒன்று அலுவலக வாசல்வரை கூடவே வந்து காத்திருந்தது. கூட்டிப் பார்த்ததில் வந்த தொகை யாருக்கும் திருப்தியாக இல்லாததால், மறு கணக்கெடுப்புக்கு உத்தரவாயிற்று.

அடுத்து, இடம். அறுவை செய்ய மையம் வேண்டும். மையத்துக்கு அறுவை அரங்கு, கூண்டுகள், சிசிடிவி கேமரா வேண்டும். விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். எடுத்த உறுப்புகளைப் பத்திரப்படுத்தி எண்ணிக் காட்டவும் வேண்டும். காகிதத்தில் மட்டும் கருத்தடை நடந்துவிடக் கூடாதே என்று விதி எழுதியவருக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது, நம் நாட்டைத் தெரிந்தவர். எங்கள் பேரூராட்சிக்குச் சொந்தமாகக் கால்நடை மருத்துவர்கூடக் கிடையாது. சுற்றிலுமுள்ள பேரூராட்சிகள் சேர்ந்து, பக்கத்து நகராட்சியில் வரவிருந்த மையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று யோசனை வந்தது. அருமையான யோசனை. முதலில் பணம் கட்டுபவருக்குத்தான் செலவு, கடைசியில் கட்டுபவருக்கு அது மிச்சம் என்பதால், எல்லாப் பேரூராட்சிகளும் கடைசியில் கட்டுவதற்காக வரிசையில் நின்றன. எங்கள் மன்றம் அந்த வரிசையில் தன் இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

வாரியத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுப்பிய குரலின் பலனாக வந்தது 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962-ல் அமைந்த வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அதன் தலைமையகம் நெடுங்காலம் சென்னையில் இருந்தது. 2018-ல் அரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. எங்கள் மன்றத்துக்கு இதைவிடப் பெரிய உபகாரம் யாரும் செய்ததில்லை. சென்னை என்றால் இரவுப் பேருந்து ஏறிக் காலையில் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். பல்லப்கர் என்றால், கடிதம் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அதற்குள் 2024 வந்து, மக்களவைத் தேர்தலும் வந்தது. நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது புதிய பணி எதையும் தொடங்கக் கூடாது. மன்றம் சட்டத்துக்குத் தலைவணங்கியது. நாய்களுக்கு அந்த விதிகள் பொருந்தாது என்பதால் அவை தம் பணியைத் தொடர்ந்தன.

எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது அபாண்டம். ஒருமுறை வண்டி வந்தது. பக்கத்து மாவட்டத்திலிருந்து வலையோடு நான்கு பேர். பெரும் பரபரப்பு, தலைவர் கொடியசைத்தார், புகைப்படம் எடுத்தார்கள். பிஸ்கட்டைக் காட்டியதும் வாலாட்டிக்கொண்டு வந்த நாய்கள் பிடிபட்டன. இட்லிக்கடை ஆயாவின் காலடியில் படுத்திருக்கும் சோம்பேறிச் சிவப்பன் பிடிபட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெயர் வைத்துக் கூப்பிடும் மூன்று நாய்கள் பிடிபட்டன. ஏழாவது வார்டு வளைவில் சைக்கிளைத் துரத்தும் கூட்டம் மட்டும், வண்டிச் சத்தம் கேட்டதுமே வாய்க்கால் தாண்டிப் போய்விட்டது. ஆள் பார்த்தால் ஓடாத, யாரையும் கடிக்காத சாதுவான நாய்களின் வம்சம் அத்தோடு நிறுத்தப்பட்டது. சூதும் வேகமும் சந்தேகமும் உள்ளவை மட்டும் இனிமேல் குட்டி போடும். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று நாட்டு நாய் இனங்களை உருவாக்க முன்னோருக்குத் தலைமுறை தலைமுறையாக ஆயிற்று. எங்கள் மன்றம் இரண்டே நாளில், வலையில் விழாத ஓர் இனத்துக்கு அடித்தளம் போட்டுவிட்டது.

அவற்றுக்குத் தீனிக்கும் குறைவில்லை. குப்பைத்தொட்டி இல்லாத பேரூராட்சியாக எங்கள் ஊரை ஆக்குவது என்று முன்னொரு கூட்டத்தில் முடிவாகி, தெருமுனைத் தொட்டிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். தொட்டிதான் போனது, தொட்டி இருந்த இடம் இருக்கிறதே. இரவு கடை அடைத்ததும் கோழிக்கடைக்காரர்கள் இறகும் குடலும் நிறைந்த சாக்கைப் பழைய விசுவாசத்தோடு அங்கேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். கடை உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. சாக்கு எங்கே போகிறது என்று கேட்கும் கட்டம் விண்ணப்பத்தில் இருக்கிறதோ என்னவோ, யாரும் அதை நிரப்பச் சொல்லவில்லை. கருத்தடைக்குக் காசில்லாத ஊரில் அன்னதானம் மட்டும் நாள் தவறாமல் நடக்கிறது என்றால், அது மன்றத்தாரின் மனசு.

நாய்க்குச் சோறு போடும் இடங்களைப் பற்றிய விவாதம் இருக்கிறதே, அதைக் கேட்காத காது காதல்ல. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. அதே மாதம் 22-ம் தேதி, மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தவற்றைத் திரும்ப விடலாம், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் கூடாது, கண்ட இடத்தில் சோறு போடாமல் வார்டுக்கு வார்டு இடம் ஒதுக்க வேண்டும் என்றது. முதல் உத்தரவைக் கேட்டுக் கூண்டு வாங்கிய ஊர்கள் விழித்தன. எங்கள் மன்றம் எதையுமே வாங்கியிருக்கவில்லை. பதினொரு நாள் இடைவெளியில் வந்த இரண்டு உத்தரவுகளுக்கும் ஒருசேர முரண்படாமல் நின்ற நிதானம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வார்டுக்கு ஓர் இடம் என்றதும் மன்றக் கூடம் உயிர்பெற்றது. எட்டாவது வார்டு உறுப்பினரின் கணவர் எழுந்தார். பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகு எங்கள் மன்றத்துக்குக் கிடைத்த நன்மைகளில் இதுவும் ஒன்று. ஒரு நாற்காலிக்கு இருவர் உழைக்கிறார்கள், படி ஒன்றுதான். மனைவி கையெழுத்துப் போடும் சிரமத்தை ஏற்றுக்கொள்ள, பேசும் சிரமத்தை அவர் ஏற்றுக்கொண்டார்.

"தலைவர் அவர்களே, எங்க வார்டுல பள்ளிக்கூடம் இருக்கு, கோயில் இருக்கு, ரேஷன் கடை இருக்கு. எங்க கொண்டுபோய் வைக்கிறது? பக்கத்து வார்டுல புறம்போக்கு சும்மா கெடக்கு."

"சும்மா கெடக்குன்னா? அதைப் புறம்போக்குன்னு யாருங்க சொன்னது?"

கூடம் சட்டென்று அடங்கியது. அந்த இடத்தில் ஒரு கொட்டகையும் அந்தக் கொட்டகையில் ஒரு சிமெண்டுக் கடையும் இருப்பதை எல்லோரும் ஒரே நேரத்தில் நினைவுகூர்ந்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "புறம்போக்குங்கிற வார்த்தையைக் குறிப்புலேருந்து எடுத்துருங்க சார்" என்றார் செயல் அலுவலரிடம். எடுக்கப்பட்டது. இடத்தை எடுப்பதைவிட வார்த்தையை எடுப்பது எளிது.

அதன் பிறகு ஒவ்வொருவரும் அடுத்தவர் வார்டின் அருமை பெருமைகளைப் பேசத் தொடங்கினார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், ஆளுங்கட்சி உறுப்பினரின் வார்டில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று மனமாரப் பாராட்டியதை என் காதாலேயே கேட்டேன். ஒருவர் வெளிநடப்பு செய்தார். டீ வந்ததும் உள்நடப்பும் செய்தார். கடைசியில் 15 வார்டுகளுக்குமான 15 இடங்களும் ஊருக்கு வெளியே, குப்பை கொட்டும் வளமீட்புப் பூங்காவின் வேலி ஓரமாக வரிசையாக ஒதுக்கப்பட்டன. வார்டுக்கு ஒரு பலகை. 15 பலகைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. பக்கத்தில் கிரானைட் கல்வெட்டு, அதில் எல்லோர் பெயரும். இட்லிக்கடை ஆயாவை, மீந்த இட்லியை இனிமேல் அங்கே கொண்டுபோய்ப் போடும்படி துப்புரவு மேற்பார்வையாளர் கேட்டுக்கொண்டார். "ரெண்டு மைல் நடந்து நான் போய்ப் போடறேன் சாமி, அதுங்களையும் யாராச்சும் கூட்டியாருவீங்களா?" என்று ஆயா கேட்டதை அவர் மன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவரவில்லை. பொருள் ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தது.

கடிபட்டவர்களை மன்றம் மறந்துவிட்டது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. டியூஷன் விட்டு வந்த ஒரு பையனை ஏழாவது வார்டு வளைவில் கெண்டைக்காலில் கவ்விப் பிடித்தபோது, ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டார்கள். ஆழம் என்றால், காயத்தைவிட ஆழம். ஊசி கடித்த அன்று ஒன்று, பிறகு 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்துக்குள்ளேயே போட வேண்டும். அது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லை, மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏற வேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை என்பதால் ஒரு தவணையையும் விட முடியாது. 2024-ல் தமிழகத்தில் பதிவான நாய்க்கடி ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம். வெறிநோயால் இறந்தவர்கள் 43 பேர். பையனின் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு நாள் கூலி போயிற்று, பேருந்துக் காசு தனி. கொத்தனார் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஆண்டின் வரவு செலவு அறிக்கையில் நாய்க்கட்டுப்பாட்டுத் தலைப்பில் செலவு பூஜ்ஜியம் என்று படித்தபோது உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். தட்ட வேண்டியதுதான். ஒரு பைசா செலவில்லாமல் ஓர் ஆண்டை ஓட்டுவது சாதாரணக் காரியமா? அந்தச் செலவு முழுவதும் அந்த அம்மாவின் கணக்கில் அல்லவா எழுதப்பட்டது. அவர் முந்தானை முடிச்சைத் தணிக்கை செய்ய உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையிலிருந்து யாரும் வரப்போவதில்லை. அவர் கொடுத்த மனுவையும் வாங்கி, தேதி முத்திரை குத்தி, ரசீது கொடுத்தே அனுப்பினார்கள். அவ்வளவு மரியாதையை அவர் வேலைக்குப் போகிற இடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

விழிப்புணர்வும் உண்டு. 2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்பது என்று மத்திய அரசு 2021-ல் ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. அதையொட்டி செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளில், பள்ளிப் பிள்ளைகள் கையில் பதாகை கொடுத்துப் பேரணி விட்டார்கள். ஏழாவது வார்டு வளைவுக்குப் பிறகு பேரணி எதிர்பாராத வேகம் பெற்று, குறித்த நேரத்துக்கு முன்பே முடிந்தது.

பிறகு 2025 நவம்பர் 7 உத்தரவு. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டரங்கம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றுக்கு வேலி போட்டு நாய் நுழையாமல் காக்க வேண்டும். அங்கே பிடிக்கும் நாய்களை மட்டும் திரும்ப அங்கேயே விடக் கூடாது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பொறுப்பு அலுவலர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. மன்றம் அவசரக் கூட்டம் போட்டது. அரசுப் பள்ளியின் பின்சுவர் பெருமழையில் விழுந்து நெடுநாளாகிறது. கல்வித் துறைக்கு எழுதுவது என்று முடிவாயிற்று. பொறுப்பு அலுவலராகத் தலைமை ஆசிரியை அறிவிக்கப்பட்டார். சுவர் இல்லாவிட்டால் என்ன, டீச்சர் இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சுகாதாரத் துறைக்கு எழுதுவது. பேருந்து நிலையம் பேரூராட்சியின் சொந்தச் சொத்தாகப் போய்விட்டதால் யாருக்கும் எழுத முடியவில்லை, வரைபடம் தயாரிப்பது.

அதே கூட்டத்தில் ஓர் உறுப்பினர், "நாய் இங்க மன்றத்துக்குள்ளயே வருதுங்க தலைவரே, போன கூட்டத்துல என் செருப்பைத் தூக்கிட்டுப் போயிருச்சு" என்றார். இத்தனை ஆண்டு விவாதத்தில், நாயால் தமக்கு நேர்ந்த இழப்பை ஓர் உறுப்பினர் நேரடியாகப் பதிவு செய்தது அதுதான் முதல்முறை. பேரூராட்சி அலுவலகம் உச்ச நீதிமன்றத்தின் பட்டியலில் இல்லை. ஆனாலும் ஆறடி வேலிக்கும் இரும்புக் கேட்டுக்கும் அன்றே நிர்வாக அனுமதி கிடைத்தது, டெண்டர் உரிய நாளில் திறந்தது, ஒப்பந்ததாரர் இரவும் பகலுமாக வேலை பார்த்தார், பொங்கலுக்கு முன்பே வர்ணமும் அடித்தாகிவிட்டது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கேட்டைப் பூட்டிய மறுநாள் காலையில்தான், பழைய பதிவேட்டு அறைக்குப் பின்னால் குடியிருந்த நான்கு பெரிய நாய்கள் வேலிக்கு உள்பக்கம் இருப்பது தெரிந்தது. கேட்டைத் திறந்துவிட்டால் தாமாகப் போய்விடும் என்றார் காவலாளி. திறந்தார்கள். மேலும் இரண்டு உள்ளே வந்தன. உடனே பக்கத்து நகராட்சி மையத்துக்குத் தொலைபேசி போயிற்று, முன்பணம் போயிற்று, வண்டியும் வந்தது. தப்பி ஓட வழியில்லாத வேலி என்பதால் ஆறும் அகப்பட்டன. முறைப்படி கருத்தடை, முறைப்படி தடுப்பூசி, காதில் வெட்டு, எல்லாம் ஒரே வாரத்தில்.

ஊருக்கு வெளியே எங்காவது இறக்கிவிடும்படி அலுவலகத்திலிருந்து கேட்டுப் பார்த்தார்களாம். மையத்து மருத்துவர் சின்னப் பெண், விதி தெரிந்தவர். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் என்றால் திரும்ப விடக் கூடாது. உங்கள் அலுவலகம் அந்தப் பட்டியலில் வராது சார், ஆகவே 2023 விதிதான் என்று சொல்லிவிட்டார். வண்டி கேட்டுக்குள் வந்து நின்றது. கொண்டுவந்த படிவத்தில் பிடித்த இடம், பேரூராட்சி அலுவலக வளாகம். விடுவித்த இடம், மேற்படி. உருப்படி 6. பெறுபவர் கையொப்பம் என்ற இடத்தில் செயல் அலுவலர் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார்.